வளர்ப்பு மீனுக்கு என்ன எண்ணெய்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேக்கா சந்தையில் கொடுவா வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். அது என்ன தின்று வளர்ந்தது என்று கேட்பதில்லை. பண்ணை மீன் தீவனத்தில் சேர்க்கும் மீன் எண்ணெய்க்காகப் பெரு நாட்டுக் கடலில் நெத்திலியை அள்ளுவதைவிடச் சோயா, கனோலா எண்ணெய் கலப்பது நல்லதுதான். ஆனால் அவற்றில் ஈபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இல்லை. கொடுவாவும் அவற்றைத் தானாகப் போதிய அளவு உருவாக்கிக்கொள்ளாது. மீனில் சத்து குறைந்துவிடும். பிடிப்பதற்கு முந்தைய சில வாரங்கள் மீன் எண்ணெய்த் தீவனம் கொடுத்தால் பெருமளவு மீட்டுவிடலாம். நுண்பாசி எண்ணெயிலும் டிஎச்ஏ உண்டு, விலைதான் கூடுதல். பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு நல்லது என்றுதானே மீன் வாங்குகிறோம்? ஜொகூர் நீரிணைப் பண்ணை மீன்களின் பொட்டலத்தில் தீவன எண்ணெய் விவரத்தையும் அச்சிடுங்கள்.

வாசகி, ஈசூன்