உச்சரிப்புச் செயலிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான். பேசச் சொல்லித் திருத்தும் செயலி ஒன்றை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். ஏழு வயதுக் குழந்தை ஒருத்தி. மேலே முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. 'த்ரீ' என்றாள். திரையில் சிவப்பு. மறுபடி சொன்னாள். மறுபடியும் சிவப்பு. ஐந்தாவது தடவை அவள் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

அந்தச் சொல்லின் முதல் ஒலி, நாக்கு நுனியை மேல்பல்லில் லேசாகத் தொட்டுக் காற்றை விட வேண்டிய ஒலி. பல்லே இல்லாதபோது அவள் என்ன செய்வாள்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே கடைசியில்தான் கைகூடும் ஒலிகளில் அதுவும் ஒன்று.

குழந்தையின் தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள பாதை சிறியது. அதனால் ஒலியின் அதிர்வெண்கள் மேலே ஏறிவிடும். போதாததற்குப் பாதியில் நிறுத்துவார்கள், இழுப்பார்கள். பெரியவர்கள் பேச்சையே கேட்டுப் பழகிய மென்பொருள் இங்கே தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தைக் குழந்தையின் பிழையாகக் காட்டாதீர்கள். சந்தேகம் வந்தால், "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்கிறாயா?" என்று கேட்கட்டும். பிள்ளைகளின் குரல்களைக் கொண்டே பழக்குங்கள். பெற்றோரிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அப்புறம், இந்த மதிப்பெண். நூற்றுக்கு 62 என்று காட்டினால் குழந்தை அதை வைத்து என்ன செய்யும்? எப்படித் திருத்துவது என்றுதானே அதற்குத் தெரிய வேண்டும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'பை' (pie) என்றால் ஒரு தின்பண்டம். 'வாங்கு' என்பதற்கும் 'பை' (buy)தான். தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிவிடுகிறோம். வகுப்பில் நான் ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். தின்பண்டத்தைச் சொன்னால் காகிதம் துள்ள வேண்டும். 'வாங்கு' என்பதற்கு அவ்வளவாக அசையக் கூடாது. இரண்டே நிமிடத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த ஒலி தவறியது என்று மென்பொருளால் கண்டுபிடிக்க முடிகிறது, இல்லையா? அப்படியானால் நாக்கை எங்கே வைப்பது, காற்றை எப்படி விடுவது என்பதையும் சொல்லட்டும்.

லண்டன்காரர் மாதிரியோ அமெரிக்கர் மாதிரியோ பேசினால்தான் பச்சை என்பதையும் விட்டுவிடுங்கள். கேட்பவருக்குப் புரிந்தால் பச்சை காட்டுங்கள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. 'த்ரீ' ஓரளவு நன்றாகவே வருகிறது. செயலியை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை