ஒப்பந்தப் பராமரிப்பில் பறக்கும் வட்டார விமானங்களை இரவிலும் நேரில் தணிக்கை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள், தர ஆய்வாளர்கள்,
சென்னை.

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் (டிஜிசிஏ),
சஃப்தர்ஜங் விமான நிலையம் எதிரில்,
புது தில்லி 110003.

பொருள்: பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் பறக்கும் வட்டார விமானங்கள் – துணை ஒப்பந்தப் பராமரிப்பு – இரவுநேர நேரடித் தணிக்கை, இரட்டைச் சோதனை, ஒத்திவைத்த ஸ்னாக் (பழுது) கண்காணிப்பு – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பயணி வாங்கும் டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அவர் ஏறும் விமானத்தை இன்னொரு நிறுவனம் இயக்கலாம். பராமரிப்பை மூன்றாவது நிறுவனம் எடுத்திருக்கலாம். அதற்கு டெக்னீஷியன் அனுப்புவது நான்காவதாக ஒன்றாக இருக்கலாம். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2022 ஏப்ரல் வரை அலையன்ஸ் ஏர் விமானங்கள் ஏர் இந்தியாவின் குறியீட்டில்தான் விற்கப்பட்டன. அந்த ஏற்பாட்டையோ அந்த நிறுவனங்களையோ நாங்கள் குறை சொல்லவில்லை. சங்கிலி நீளும்போது கையெழுத்துகள் கூடுகின்றன, வேலையைக் கண்ணால் பார்ப்பவர்கள் குறைகிறார்கள் என்பதே எங்கள் கவலை.

விதிப்படி விமானத்தின் தகுதிநிலைக்கு அதை இயக்கும் நிறுவனமே பொறுப்பு. வேலையை எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் சிஏஆர்-எம் என்ற தகுதிநிலைப் பராமரிப்பு விதி அந்தப் பொறுப்பை மாற்றுவதில்லை. ஆகவே புது விதி கேட்டு நாங்கள் வரவில்லை. இருக்கும் விதி இரவு 2 மணிக்கு, ஹாங்கர் இல்லாத ஒரு சிறு நிலையத்தில், வாலுக்கு அடியில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்க ஏற்பாடு வேண்டும்.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தே போதும். 2003 ஜனவரி 8 அன்று சார்லட் நகரில் புறப்பட்ட பீச் 1900டி விமானம் ஓடுதளத்தை விட்டு எழுந்த சில நொடிகளில் மூக்கை நிமிர்த்திக்கொண்டே போய் விழுந்தது; அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். டிக்கெட்டில் இருந்த பெயர் யுஎஸ் ஏர்வேஸ் எக்ஸ்பிரஸ். இயக்கியது ஏர் மிட்வெஸ்ட். பராமரிப்பு ஒப்பந்தம் ராய்த்தியான் ஏரோஸ்பேஸிடம் இருந்தது. மெக்கானிக்குகளை அனுப்பியது மற்றொரு நிறுவனம். விபத்துக்கு இரண்டு இரவு முன்னால் ஹண்டிங்டன் நிலையத்தில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் தகடு) கேபிளின் இழுவிசை குறைவாக இருப்பதைக் கண்டு கேபிளை முறுக்கும் டர்ன்பக்கிளைத் திருகிச் சரிசெய்திருக்கிறார்கள். அதைச் செய்தவருக்கு அந்த ரக விமானத்தில் அந்த வேலை முதல் தடவை. கற்றுக்கொடுத்தவரே ஆய்வாளராகவும் இருந்து கையெழுத்திட்டார். கையேட்டில் உள்ள ரிக்கிங் (கேபிளையும் அசைவையும் அளவுக்குச் சரிசெய்தல்) படிகளில் பலவற்றை, இதற்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

டர்ன்பக்கிள் பார்க்கச் சாதாரணமான பொருள். இரண்டு கேபிளில் ஒன்றை மட்டும் கூடுதலாக முறுக்கினாலும் இழுவிசை காட்டும் டென்ஷியோமீட்டரில் அளவு சரியாகவே வரும். ஆனால் நடுநிலை நகர்ந்துவிடும். கட்டுப்பாட்டுத் தண்டு ஒரு பக்கம் முன்கூட்டியே முட்டி நிற்கும். சார்லட் விமானத்தில் மூக்கைக் கீழே இறக்க 14 பாகை அசைய வேண்டிய எலிவேட்டர் ஏறத்தாழ 7 பாகையோடு நின்றது. அதோடு அந்த வேலைக்குப் பிறகு விமானம் 9 தடவை ஒழுங்காகப் பறந்தும் இருக்கிறது. பத்தாவது தடவை ஆளும் சுமையும் நிறைந்து, எடைமையம் பின்னால் போனபோதுதான் இல்லாமல் போன அந்த 7 பாகை தேவைப்பட்டது. இரண்டு நாள் பறந்ததே, வேலை சரிதான் என்ற வாதம் எங்கள் தொழிலில் அடிக்கடி காதில் விழும். அதற்குப் பதில் இதுதான்.

வேலை முடிந்ததும் ஒருவர் காக்பிட்டில் தண்டை முழுதாக முன்னும் பின்னும் தள்ள, மற்றொருவர் வாலில் கோணமானி வைத்து இரு முனை அசைவையும் அளந்து பணித்தாளில் எழுதியிருந்தால் அந்தக் குறை அன்றிரவே தெரிந்திருக்கும். "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரைக்கும் "மேல் இத்தனை பாகை, கீழ் இத்தனை பாகை" என்று எழுதப்பட்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸின் ஈகிள் லேக் அருகே விழுந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் எம்ப்ரேயர் 120 விமானத்தில் 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு வாலின் கிடைச்சிறகில் பனி நீக்கும் ரப்பர் உறையை (பூட்) மாற்றும் வேலை. ஒரு ஷிஃப்ட் இரண்டு பக்கத்துத் திருகுகளையும் கழற்றியது. அடுத்த ஷிஃப்டுக்கு அது எழுத்தில் போய்ச் சேரவில்லை. வலப்பக்கத்தை மட்டும் முடித்து விமானத்தை விடுவித்தார்கள். இடப்பக்கத்தின் மேற்புறத்தில் 47 திருகுகள் இல்லை. தரையில் நின்று பார்த்தால் அந்த இடம் கண்ணுக்குப் படாது. சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற தடங்களில் பறக்கும் ஏடிஆர் 72க்கும் அதே டி வடிவ வால், அதே ரப்பர் பூட், உயரம் 7.65 மீட்டர். மேடை இல்லாத நிலையத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பதை ஆய்வு என்று ஏற்கக் கூடாது.

ஏடிஆரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2005 ஆகஸ்ட் 6 அன்று டியூனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர் 72, சிசிலிக்கு அருகே கடலில் இறங்கியது. 39 பேரில் 16 பேர் இறந்தனர். முதல் நாள் பொருத்திய எரிபொருள் மானி ஏடிஆர் 42க்கு உரியது. இரண்டும் ஒரே குழியில் கச்சிதமாகப் பொருந்தும். கணினிப் பட்டியலில் பாகத் தகவல் தவறாக இருந்ததால் அந்தப் பாகம் 72க்கும் ஆகும் என்று காட்டியது. தொட்டி வற்றி எஞ்சின் நின்ற பிறகும் மானி எரிபொருள் இருப்பதாகவே சொன்னது. கடன் வாங்கிய உதிரிபாகத்தை, பட்டியலை மட்டும் நம்பி, அவசரத்தில் மாட்டும் எல்லா நிலையங்களுக்கும் இது பொருந்தும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலாவதும் முக்கியமானதும்: இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில், முன்னறிவிப்பில்லாத தணிக்கை. பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இரவில் வரும் அதிகாரி அன்றைய பணித்தாள்களில் மூன்றை மட்டும் எடுத்தாலும் போதும். செய்பவர் யார், அவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் நிறுவனம் எது, அந்த ரகத்துக்கான அங்கீகாரம் அவருக்கு உண்டா. கையில் இருக்கும் டார்க் ரெஞ்சின் அளவுத்திருத்தத் தேதி தாண்டிவிட்டதா. மானியின் பாக எண் படவிளக்கப் பாகப் பட்டியலோடு அந்த விமானத்தின் வரிசை எண்ணுக்கு ஒத்துப்போகிறதா. மேசையில் இருக்கும் கையேட்டுப் பக்கம் நடப்புத் திருத்தமா, எப்போதோ எடுத்த ஜெராக்ஸா. கடைசியாக, வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் வேலையின் அளவோடு ஒப்பிட வேண்டும். நான்கு மணி நேர வேலை 50 நிமிடத்தில் முடிந்திருந்தால் மேற்கொண்டு விசாரிப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது: பறப்புக் கட்டுப்பாடு, எஞ்சின், புரொப்பெல்லர் வேலைகளில் இரட்டைச் சோதனை செய்பவர் அந்த வேலையில் கைவைக்காதவராக இருக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர் ஆய்வாளராகக் கையெழுத்திடக் கூடாது. முழு அசைவுச் சோதனையின் அளவுகள் எண்ணாகப் பதிவாகாமல் விமானத்தை விடுவிக்கும் ரிலீஸ் கையெழுத்துக் கூடாது. இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே இரவில் செய்வதையும் தடுக்க வேண்டும். 1983இல் மயாமியிலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் டிரைஸ்டாரில் மூன்று எஞ்சினிலும் சிப் டிடெக்டர்களை (எண்ணெயில் உலோகத் துகளைக் காட்டும் கருவி) ஓ-ரிங் என்ற கசிவுத்தடுப்பு வளையம் இல்லாமல் மாட்டியதால் மூன்றிலும் எண்ணெய் வடிந்தது. இப்படி ஒரே மறதி மொத்த எஞ்சின்களுக்கும் போய்விடுகிறது.

மூன்றாவது: ஒத்திவைத்த ஸ்னாக். எம்இஎல் (எந்தப் பழுதோடு எத்தனை நாள் பறக்கலாம் என்ற) பட்டியலில் பி பிரிவுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10 நாள், டி பிரிவுக்கு 120 நாள் அவகாசம். சி பிரிவில் ஒன்பதாம் நாள் பழுதான பெட்டியைக் கழற்றி வேறொரு விமானத்தில் மாட்டினால் இந்த விமானத்தின் டெக் லாக் (பழுதுப் பதிவேடு) சுத்தமாகிவிடும். அந்த விமானத்துக்குப் புதிதாக 10 நாள் ஆரம்பிக்கும். விமானம் வாரியாகப் பார்த்தால் இது பிடிபடவே படாது. பெட்டியின் வரிசை எண்ணைத் தொடர்ந்தால்தான் தெரியும். ஆகவே ஒத்திவைப்புகளை மாதந்தோறும் பாக வரிசை எண்ணோடு இயக்ககத்துக்கு அனுப்பப் பணிக்க வேண்டும்.

நான்காவது: துணை ஒப்பந்தம் ஒரு படியோடு நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மறுபடி ஆள் எடுத்தால் அந்த ஆளின் பெயர், உரிமம், பணிநேரப் பதிவு இயக்கும் நிறுவனத்தின் காமோவிடம் (தகுதிநிலை மேலாண்மை அமைப்பு) இருக்க வேண்டும். டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பராமரிப்புத் தளத்தைத் தணிக்கை செய்து அறிக்கையைத் தங்களுக்குத் தர வேண்டும். பெயரை வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பவருக்கு இதைக்கூடச் செய்ய மனம் வராதா?

கடலோர நிலையங்களுக்கு மட்டும் ஒன்று. உப்புக்காற்றில் பறக்கும் எஞ்சினை நீர் தெளித்துக் கழுவும் வேலையில் தாது நீக்கிய நீருக்குப் பதில் போர்வெல் நீர் பயன்படுகிறதா, கழுவியபின் எஞ்சினை ஓட்டி உலர்த்துகிறார்களா என்பதையும் தணிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறோம்.

ஐந்தாவது: விமானத்தை இயக்குவது யார் என்பதைத் தேடல் முடிவின் முதல் திரையிலேயே காட்டச் சொல்ல வேண்டும். 2009இல் பஃபலோ அருகே 50 பேர் இறந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு, அந்தக் குடும்பங்கள் விடாமல் போராடியதால் அமெரிக்கா 2010இல் இதைச் சட்டமாக்கியது.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். இயக்ககத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருப்பதை 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதியது. அவை நிரம்பும்வரை, ஒவ்வொரு வட்டார அலுவலகமும் மாதம் இரண்டு இரவுத் தணிக்கைகள் என்று சிறிதாகவாவது தொடங்கலாம். சென்னை வட்டார அலுவலகத்தில் இதை முதலில் நடைமுறைப்படுத்த ஆணையிட்டு, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள், தர ஆய்வாளர்கள்.

நகல்: சென்னை வட்டார அலுவலகம், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்.