முழு வேதாகமத்தையும் வாசிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வேதாகமம் முழுவதையும் முதன்முறையாக வாசித்துவிடுவது என்று முடிவெடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். அம்மாவிடம் கேட்டிருந்தால் "ஜெபம் பண்ணிவிட்டுத் திற" என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். அதில் தப்பில்லை. நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எலியா முந்தியவரா, தானியேல் முந்தியவரா? சற்று யோசித்துத்தான் சொல்வாய். கர்மேல் மலையில் இறங்கிய அக்கினி தெரியும், சிங்கக் கெபியும் தெரியும். இரண்டுக்கும் நடுவே முந்நூறு வருஷத்துக்கு மேல் போய்விட்டது, இரண்டு ராஜ்யங்கள் விழுந்துவிட்டன என்பது சட்டென்று நினைவுக்கு வராது. ஞாயிறு பள்ளியில் கேட்டவை எல்லாம் நம் மனதில் உதிரிப் பூவாகவே கிடக்கின்றன. அவற்றைத் தொடுப்பதுதான் முதல் வாசிப்பின் வேலை. ஒவ்வொரு வசனத்திலும் ஆழமாக இறங்க வேண்டும் என்று நினைக்காதே. அதற்குப் பிறகு காலம் இருக்கிறது.

ஒரு வருஷத்தில் முடிக்கும் அட்டவணையைப் பற்றிக் கேட்டிருந்தாய். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் என்றால் வருஷம் சரியாக இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. நாலு நாள் தவறினால் பதினைந்து அதிகாரம் பாக்கி நிற்கும். அப்புறம் வாசிப்பது போய் பாக்கி தீர்ப்பது ஆகிவிடும். புத்தகத்தைக் கணக்காக வைத்துக்கொள். ரூத் நான்கே அதிகாரம், யோனாவும் அப்படியே. ஒரே மூச்சில் வாசித்தால்தான் அவற்றின் அழகு தெரியும். அதிகாரப் பிரிவுகளே 13ஆம் நூற்றாண்டில்தான் போடப்பட்டன, புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்கள் 1551இல் வந்தவை. எழுதியவர்கள் அங்கே நிறுத்தவில்லை, நீயும் நிறுத்த வேண்டியதில்லை. ஏசாயா 53ஐ எல்லோரும் 53ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து வாசிக்கிறார்கள். அந்தப் பாட்டு 52:13லேயே தொடங்கிவிடுகிறது!

முதலில் மாற்குவை வாசி. சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கதை எங்கே போய்ச் சேருகிறது என்பது கண்ணில் இருக்கட்டும். பிறகு ஆதியாகமத்துக்குத் திரும்பு. அங்கிருந்து யாத்திராகமம் 20 வரை யாரும் உன்னைத் தள்ள வேண்டியதில்லை, கதையே இழுத்துக்கொண்டு போகும்.

அதற்கப்புறம்தான் பலர் மூடி வைக்கிறார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், திரைகள், கொக்கிகள் என்று 25 முதல் 31 வரை. பிறகு 35 முதல் 40 வரை மறுபடியும் ஏறக்குறைய அதே விவரம். எதற்கு இரண்டு தடவை என்று எரிச்சல் வரும். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்: 32ஆம் அதிகாரம், பொன் கன்றுக்குட்டி. முதலில் வருவது திட்டம். பிறகு ஜனங்கள் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அதன் பின்னும் அந்தக் கூடாரம் சொன்னபடியே கட்டப்படுகிறது. அந்த நிம்மதியில்தான் ஒவ்வொரு கொக்கியையும் மறுபடி எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

யாத்திராகமத்தின் கடைசியில் கூடாரம் மகிமையால் நிரம்புகிறது, மோசேயால் உள்ளே போக முடியவில்லை. லேவியராகமத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் கூடாரத்திலிருந்து மோசேயைக் கூப்பிடுகிறார். எண்ணாகமத்தின் முதல் வசனத்தில் மோசேயோடு பேசுவது கூடாரத்துக்குள்ளே. அப்படியானால் லேவியராகமம் முழுவதும் ஒரே கேள்விக்குப் பதில்: பரிசுத்தமான இடத்துக்குள் மனுஷன் எப்படிப் போவது? இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் பலிகளும் தீட்டுச் சட்டங்களும் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. குஷ்டரோக அதிகாரங்களை (13, 14) வேகமாகக் கடந்துவிடு. 16ஆம் அதிகாரத்தில், பாவநிவாரண நாளில், மட்டும் நின்று நிதானி. 19ஐயும் விடாதே, "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும்" என்பது அங்கேதான் இருக்கிறது. இயேசு சொன்னதாக மட்டுமே நாம் நினைத்துக்கொண்டிருக்கிற வார்த்தை.

யோசுவாவும் நியாயாதிபதிகளும் உன்னைக் காயப்படுத்தும். யெப்தாவின் மகள், நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில் வரும் அந்தப் பெண், இவர்களைப் பற்றி ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உடனே யாரிடமும் சமாதானம் தேடாதே. நடந்தது என்று எழுதியிருப்பதற்கு, நடந்தது நல்லது என்று அர்த்தமில்லை. நியாயாதிபதிகள் புத்தகமே "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்து வந்தான்" என்றுதான் முடிகிறது. ஆனால் எல்லாக் கேள்விக்கும் இந்தப் பதில் போதாது. யோசுவாவில் யுத்தக் கட்டளை கர்த்தருடையதாகவே வருகிறது. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போ. சில கேள்விகளுக்குப் பின்னால் வரும் புத்தகங்கள் பதில் சொல்லும். சில அப்படியே இருக்கும், எனக்கும் இருக்கின்றன.

இனிதான் முக்கியமான இடம். தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் காலவரிசையில் அச்சிடப்படவில்லை. பெரியவை முன்னால், சிறியவை பன்னிரண்டும் பின்னால். எல்லா ராஜாக்களையும் முடித்துவிட்டு, யோபு, சங்கீதம் எல்லாம் தாண்டி ஏசாயாவுக்கு வரும்போது யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரியாது. மூன்று வருஷங்களை அட்டைக்குள் எழுதி வை. கி.மு. 722: அசீரியர் கையில் வடக்கு ராஜ்யம், சமாரியா, விழுந்தது. கி.மு. 586 வாக்கில் நேபுகாத்நேச்சார் எருசலேமையும் ஆலயத்தையும் சுட்டெரித்தான். கி.மு. 538: பெர்சிய ராஜா கோரேஸ், சிறைப்பட்டவர்கள் திரும்பிப் போகலாம் என்றான். தீர்க்கதரிசிகள் எல்லோரும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு முன்னாலோ பின்னாலோ நின்றுதான் பேசுகிறார்கள்.

ஆகவே இராஜாக்களின் புத்தகத்தை நிறுத்தி நிறுத்தி வாசி. 2 இராஜாக்கள் 14 முடிந்ததும் ஆமோஸ், ஓசியா. செழிப்பாக இருந்த ஒரு தேசத்தில் ஏழையைச் செருப்புக்கு விற்றார்கள் என்று ஆமோஸ் ஏன் கத்துகிறான் என்பது அப்போது புரியும். எசேக்கியாவின் காலம் வந்ததும் ஏசாயா. அதில் 36 முதல் 39 வரை நீ இராஜாக்களில் வாசித்ததே ஏறக்குறைய அப்படியே வரும். யோசியாவிலிருந்து எரேமியா. நகரம் எரிந்தபின் புலம்பல், ஐந்தே அதிகாரம், அன்றைக்கு வேறெதையும் வாசிக்காதே. அதே காலத்தில் பாபிலோனில் இருந்தவர்கள் எசேக்கியேலும் தானியேலும். எஸ்றா 5ஐத் தொட்டதும் ஆகாய், சகரியா. மற்ற சிறியவற்றை உன் வேத புத்தகத்தின் முன்னுரை சொல்லும் இடத்தில் சேர்த்துக்கொள். ஏசாயா 40இல் "ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று தொனி மாறுகிறதே, நகரம் எரிந்ததை வாசித்துவிட்டு அதற்கு ஒருமுறை திரும்பிப் போ.

நாளாகமங்களைப் பழைய ஏற்பாட்டின் கடைசிக்குத் தள்ளிவிடு. யூதர்களின் வேதத்தில் அவை கடைசியில்தான் இருக்கின்றன. சாமுவேல், இராஜாக்கள் முடித்த கையோடு வாசித்தால் சொன்னதையே சொல்கிறார்களே என்று அலுக்கும். முதல் ஒன்பது அதிகாரம் ஆதாமிலிருந்து வரும் வம்ச அட்டவணை. பேர்களை மனப்பாடம் பண்ண வேண்டாம், கண்ணை ஓட்டு. எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்தவர்கள் நாம் யார் என்று எண்ணிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள். அடுத்த பக்கம் மத்தேயு 1. இங்கேயும் வம்ச அட்டவணை: ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினாலு தலைமுறை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை பதினாலு, அங்கிருந்து கிறிஸ்து வரை பதினாலு. நாம் தாண்டி ஓடிவிடுகிற பக்கத்தில் நீ இத்தனை மாதம் வாசித்தது முழுவதும் இருக்கும். இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே சுமார் நானூறு வருஷ இடைவெளி உண்டு. பரிசேயரும் ரோமரும் திடீரென்று வந்து நிற்பது அதனால்தான். (கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள் இருக்கும். அதிலுள்ள மக்கபேயர் இந்த இடைவெளியில் ஒரு பகுதியைச் சொல்கிறது.)

சங்கீதம் 150ஐயும் தொடர்ச்சியாக வாசிக்காதே. தினமும் ஒன்று, வாய்விட்டு. கசப்பானவையும் வரும், 88 இருளில்தான் முடிகிறது, அதைத் தாண்டிப் போகாதே. நீதிமொழிகள் 31 அதிகாரம், ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும்.

லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் சேர்த்து வாசி, இரண்டையும் எழுதியவர் ஒருவரே. நிருபங்கள் கடிதங்கள்தான்; இந்தக் கடிதத்தை வாசிப்பதுபோல் ஒரே தடவையில் வாசி. ரோமருக்கு மட்டும் நேரம் கொடு. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வரும்போது எசேக்கியேல், தானியேல், சகரியா மனதில் இருப்பதால் மிருகங்களும் முத்திரைகளும் உன்னைப் பயமுறுத்தாது. இன்றைய செய்தியோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடும் புத்தகங்களை மட்டும் அப்போது கையில் எடுக்காதே.

மொழிபெயர்ப்பைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். நீண்ட கதைகளுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் எளிய தமிழில் உள்ளதை வைத்துக்கொள், சங்கீதத்துக்குப் பழையது.

யோபுவைக் கடைசியாகச் சொல்கிறேன், காரணம் உண்டு. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்று வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பாயே, அது யோபு 8:7. சொன்னவன் யோபுவின் நண்பன் பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம், அவர்கள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்ற தோரணையில் பேசிவிட்டு இதைச் சொல்கிறான். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர், இந்த நண்பர்கள் தம்மைப் பற்றி நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். வசனத்தை மட்டும் எடுத்தால் வாக்குத்தத்தம், புத்தகத்தோடு வாசித்தால் கண்டிக்கப்பட்டவனின் பேச்சு.

ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவர் மட்டும். 32 முதல் 37 வரை ஆறு அதிகாரம் பேசிய எலிகூவைப் பற்றிக் கர்த்தர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் பேசியது சரிதான் என்பது அம்மாவின் கட்சி, நான் எதிர்க்கட்சி. நீ அந்த இடத்துக்கு வந்ததும் போன் பண்ணு. ஆனால் அதற்குள் அவளிடம் கேட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா