லீக்ஸ் பாத்தியும் லேக் தண்ணியும்

மச்சான்,

ஒன் வொய்ஸ் மெசேஜ் கேட்டேன்டா, நாலு நிமிசம், அதுல ரெண்டு நிமிசம் ஒங்கூட்டு குக்கர் விசில் தான். பேத்திக்கு கோயம்புத்தூர்ல நர்சிங் சீட் கெடச்சது கேட்டு எங்களுக்கு அவ்ளோ சந்தோசம், எங்கூட்டுக்காரி அன்னிக்கே மாரியம்மன் கோயில்ல ஒரு தேங்கா ஒடச்சுட்டு வந்துட்டா. நானும் வொய்ஸ்லயே பதில் போட்டிருப்பேன், ஆனா நான் பேசுனா பக்கத்துல இருந்து இவ ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்லுவா, அதுலயும் இன்னிக்கு சொல்லப்போறது அவ காதுல விழக்கூடாத விசயம், அதான் டைப் பண்றேன். நீளமாத்தான் வரும், கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசி.

போட் என்னாச்சுன்னு கேட்டியே. நின்னுருச்சு மச்சான். இதோட ஆறு சனிக்கெழம ஆகுது.

ஒனக்கு முழுசா சொன்னேனான்னு ஞாபகம் இல்ல. பென்சன் வந்த வருசம் டொக்டர் சீனி கூடிருச்சு நடங்கன்னு சொன்னாரு, முட்டிவலியில எங்க நடக்குறது, அப்பதான் நுவரெலியா டவுன்ல நேவில இருந்து ரிட்டயர் ஆன ஒரு சிங்கள மனுசன் கிரகரி லேக்ல சனி ஞாயிறு வெள்ளன துடுப்பு போடக் கத்துக்குடுக்குறார்னு கேள்விப்பட்டேன். காசு இல்ல, மெம்பர்ஷிப் இல்ல, யாரு வந்தாலும் ஏத்திக்குவாரு. ரெண்டு பழைய போட்டு, ஒன்னுல நாலு பேர் துடுப்பு போடலாம், இன்னொன்னு எப்பவும் ரிப்பேர்ல. தோட்டத்துப் பொடியன்க, டவுன்ல மரக்கறி கட போட்டிருக்கவன், ஸ்கூல் புள்ளைக, தேயிலக் கொழுந்து எடுக்குற பொம்பளைக மூணு பேரு, அப்பறம் நான். எல்லாரும் அவர நேவி மாத்தயான்னு தான் கூப்புடுவோம், மாத்தயான்னா சிங்களத்துல ஐயா.

எனக்கு முட்டி மடங்காதுன்னு பின்னால ஒக்காந்து வழி பாத்து சத்தம் போடுற வேல குடுத்துட்டாரு. துடுப்பு போடுறவங்க எல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு தான்டா முன்னால போவாங்க, எங்க போறம்னு தெரியுற ஒரே ஆளு நான். "எகாய்... தெகாய்..."னு சிங்களத்துல தான் எண்ணனும், தமிழ்ல ஒன்னு ரெண்டுன்னு எண்ணிப் பாத்தோம், இழுப்புக்கு சரி வரல, எகாய்ங்கிறதுல அந்த கடைசி இழுவ இருக்குல்ல அதுல தான் துடுப்பு தண்ணிய வாரும். முப்பது வருசம் வகுப்புல கத்துன தொண்ட இங்க தான் ஒழுங்கா பிரயோசனப்பட்டுச்சு. ஆறு மணிக்கு பனி தண்ணி மேல ஒரு முழம் ஒசரத்துல நிக்கும், அதுக்குள்ள போட்டு போறப்ப ஆளுக தல மட்டும் மெதக்குற மாதிரி இருக்கும், கரையில இருந்து பாத்த ஒரு கெழவி பயந்தே போயிருச்சு.

நம்ம காலத்துல லொறி டியூப்ல மெதந்தோமே ஞாபகம் இருக்கா, நீ இந்தியாவுக்குப் போறதுக்கு மொத வருசம். ஒங்கப்பா ரெண்டு பேரையும் வெளக்குமாத்தால வெளுத்தாரு. அடுத்த வருசமே ஒங்க குடும்பத்த நானுஓயா ஸ்டேசன்ல ஏத்திவிட்டு நான் திரும்பி வந்தேன், நீ தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறிட்ட.

சரி விசயத்துக்கு வாறேன். போன மாசத்துக்கு முந்தின மாசம் ஒரு வாரம் நல்ல மழ, அப்பறம் பத்து நாள் காஞ்சு வெயில், காத்தே இல்ல. சனிக்கெழம போனா கரையோரம் தண்ணி பச்சப் பெயின்ட்ட கரச்சு ஊத்துன மாதிரி கெடக்கு. துடுப்ப எடுத்தா அதுல வழவழன்னு ஒட்டிக்கிட்டு வருது, வாட என்னான்னா, அழுகுன கோவா இலைய, ஒங்க ஊர் முட்டக்கோசு, மழைல போட்டு ரெண்டு நாள் விட்டா வருமே, அது. நேவி மாத்தயா வேணாம்னு தான் சொன்னாரு, நாங்க தான் நடுவுல தெளிவா இருக்கு மாத்தயான்னு சொல்லி எறக்குனோம். அந்த 'நாங்க'ள்ல நான் தான் மொதல்ல சொன்னது.

அதுல ஒரு பொடியனுக்கு துடுப்பு தண்ணிக்குள்ள மாட்டிக்கிச்சு, இது புதுசா வாறவங்களுக்கு நடக்குறது தான், பிடி திரும்பி வயித்துல இடிக்கும், போட்டு ஒரு பக்கம் சாயும். நாலு பேர் மூஞ்சிலயும் தண்ணி. சிரிச்சுக்கிட்டே வந்துட்டோம். திங்கக்கெழம பாத்தா அந்தப் பொடியனுக்கு வாந்தி பேதி, கொழுந்து எடுக்குற அக்கா ஒருத்திக்கு ரெண்டு கையும் தடிச்சு செவந்து போச்சு. அவ கை ஏற்கனவே கொழுந்துக் கறையில வெடிச்ச கை, அதுல துடுப்புப் பிடிச்சு கொப்புளம் வேற, அந்த வெடிப்புக்குள்ள எல்லாம் அந்தத் தண்ணி. மூணு நாள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகல, மூணு பேர் போச்சு, அதான் மூணு நாள் சம்பளம். எங்க போட்டுல நல்லா இழுக்குறவ அவ தான், கூட கொற பேச மாட்டா. கைய நீட்டிக் காட்டுனா, ஒன்னும் சொல்லல. சத்தம் போட்டிருந்தாலாவது எனக்கு லேசா இருந்திருக்கும்.

தண்ணியால தான்னு டொக்டர் எழுதிக் குடுக்கல, இருக்கலாம்னு தான் சொன்னாரு. நேவி மாத்தயா அன்னிக்கே போட்ட கமுத்தி தார்ப்பாய் போட்டுட்டாரு.

இதெல்லாம் நான் ஸ்கூல்ல படிச்சுக்குடுத்த பாடம்டா, நற்போசணையாக்கம்னு பெரிய பேரு. பசளையில இருக்க நைதரசனும் பொசுபரசும் மழையில மண்ணோட சேந்து எறங்கும், தேங்கி நிக்கிற தண்ணியில சேரும், அல்கா, அதான் பாசி, பெருகும், பெருகி செத்து அழுகுறப்ப தண்ணியில இருக்க ஒட்சிசன தின்னுரும், மீன் மெதக்கும். போர்ட்ல அம்புக்குறி போட்டு எத்தன வருசம் எழுதியிருப்பேன். அதுல நீலப்பச்சை அல்கான்னு ஒரு சாதி இருக்கு, உண்மையில அது பக்டீரியா, அதுல சிலது ஈரல பிடிக்கிற நஞ்சு விடும், அந்த நஞ்சு தண்ணிய கொதிக்க வச்சாலும் போகாது. மைக்ரோசிஸ்டின்னு பேரு. உலக சுகாதார நிறுவனம் குடிக்கிற தண்ணிக்கு லீட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளிச்சு வெளையாடுற தண்ணிக்கு 24ன்னு ஒரு அளவு வச்சிருக்கு. நம்ம பச்சைத் தண்ணியில அது இருக்கா இல்லையான்னு பாத்து தெரியாது, டெஸ்ட் பண்ணனும். ஒரு போத்தல்ல புடிச்சு ஐஸ் போட்டு கொழும்புக்கு பஸ்ல குடுத்துவிட்டிருக்கோம், காசு எல்லாரும் போட்டு. ரிப்போர்ட் இன்னும் வரல.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்லன்னு சின்ன மக ஃபோன்ல தேடிக் காட்டுனா. லண்டன்ல ஒக்ஸ்ஃபோர்ட் கேம்பிரிட்ஜ் போட் ரேஸ் இருக்குல்ல, 2024 மார்ச்ல தேம்ஸ் தண்ணியில ஈ கோலைங்கிற கிருமி கூடிருச்சுன்னு வீரர்களுக்கு வாய்க்குள்ள தண்ணி போகாம பாத்துக்கங்கன்னு சொன்னாங்களாம், ஒக்ஸ்ஃபோர்ட் ஆளுக சில பேருக்கு வயித்தக் கலக்கிருச்சு, வழக்கமா ஜெயிச்சவங்க கொக்ஸ, அதான் பின்னால ஒக்காந்து வழி சொல்றவன, தூக்கி ஆத்துல போடுவாங்களே, அதையும் செய்யாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. அத வாசிச்சப்ப எனக்கு வயித்துல புளி கரச்சுச்சு, நம்ம போட்டுல அந்த சீட்டுல இருக்குறவன் நான் தானே. நீயும் தான் சொன்னியே, ஊட்டி ஏரிக்கு பேரப்புள்ளைகள கூட்டிக்கிட்டுப் போயி மூக்கப் பொத்திக்கிட்டு போட்டுல சுத்துனோம்னு, கோடப்பமந்து கால்வாய் டவுன் சாக்கடையக் கொண்டாந்து விடுதுன்னு. ரெண்டும் தொரமாரு மறிச்சுக் கட்டுன ஏரி தான். ஒங்களுது 1820கள்ல சலிவன் தொர, எங்களுது 1873ல கவர்னர் கிரகரி, தலாகல ஓயாவ மறிச்சு. அவனுக ஒல்லாசத்துக்குக் கட்டுனானுக, சுத்தி நம்ம வீடு வந்துச்சு, ஹொட்டல் வந்துச்சு, தோட்டம் வந்துச்சு, எல்லாத்துக்கும் அதே பள்ளம் தான் வடிகால்.

கூட்டம் ஒன்னு போட்டாரு நேவி மாத்தயா, அவர் வீட்டு முன்னாடி, சாயத்தண்ணியும் பணிசும் குடுத்து. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பக்கம் கைய நீட்டுனான். ஹொட்டல் காரங்கன்னு ஒருத்தன், தோட்டத்து லயத்து வீடுக டொய்லட் தான்னு டவுன்காரன் ஒருத்தன் (அதுக்கு ஒரு பொடியன் எந்திரிச்சுட்டான், அடிதடி ஆகப் பாத்துச்சு), மரக்கறித் தோட்டத்துக்காரங்க கோழி எருவ லொறி லொறியா கொட்டுறாங்க, மருந்தடிக்கிறாங்கன்னு இன்னொருத்தர். எல்லாம் உண்ம தான். வாத்தியார் நீங்க சொல்லுங்கன்னு எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு பாடம் நடத்துனேன்டா. அம்புக்குறி இல்லாத கொற தான். கை தட்டுனாங்க.

ஒனக்கு மட்டும் சொல்றேன். எங்க வீட்டுக்குப் பின்னால இருபது பேர்ச் நெலத்துல லீக்ஸ் போட்டிருக்கேன்ல, அந்தப் பாத்தி சரிஞ்சு எறங்குறது எங்க? பெரிய கானுக்கு, அதான் வடிகாலுக்கு. கான் எறங்குறது ஓடைக்கு. ஓட போறது லேக்குக்கு. நான் போட்ட மூட்ட உரமும் கோழி எருவும் அந்த வார மழையில என்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியும், மழைக்கு ரெண்டு நாள் முந்தி தான் போட்டேன், மழ பேஞ்ச மறு நாள் பாத்தா கான் தண்ணி கோப்பி நெறத்துல ஓடுது. எங்க டொய்லட் குழியும் கல்லு வச்சுக் கட்டுனது தான், அடி பூசல, மழ பெருத்தா அது ஊறி எங்க போவும். கூட்டத்துல இத ஒரு வார்த்த சொல்லல. அந்த அக்காவும் முன்னால தான் ஒக்காந்திருந்தா, கையில களிம்பு பூசி.

2021ல ரசாயன உரத்த தட பண்ணுனாங்களே, மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும், அந்த வருசம் என் லீக்ஸ் சுண்டு விரல் மொத்தத்துல நின்னுச்சு. அந்தப் பயத்துல தான் மறுபடி மூட்ட கெடச்சதும் எல்லாரும் ஒரு கை கூடவே போடுறோம், நானும் தான். வெல ஏறுனா கொறப்பானுகன்னு நெனப்பாங்க, தோட்டக்காரன் புத்தி அப்புடி இல்ல. பயந்தவன் கைக்கு அளவு தெரியாது.

அந்தக் காலத்துல சுத்தமா இருந்துச்சுன்னும் சொல்லிற மாட்டேன், நீயும் சொல்லாத. நம்ம லயத்து கக்கூசு கானுக்கு மேல தானே இருந்துச்சு, அதுக்குக் கீழ தான் நாம டியூப் விட்டோம், கையில அள்ளிக் குடிச்சோம். ஆளு கொறவு, அவ்வளவு தான்.

இன்னொன்னு யோசிச்சா தல சுத்துது, லேக்ல இருந்து வழியுற தண்ணி நானுஓயாவா எறங்கி தலவாக்கலையில கொத்மல ஓயாவோட சேருது, அங்க இருந்து மகாவலி, கடைசியில திருகோணமலப் பக்கம் கடலு. என் பாத்தியில இருந்து கெளம்புனது எத்தன பேர் கெணறு, வயலு தாண்டிப் போவுது பாரு.

போன கெழம இவ கோயிலுக்குப் போன நேரத்துல பாத்திக்குக் கீழ கான் ஓரமா ரெண்டு முழம் அகலத்துக்கு லீக்ஸப் புடுங்கிட்டு மானாப் புல்லு வச்சேன், வேர் மண்ணப் புடிக்கும், கொஞ்சமாவது வடியாம நிக்கும். அப்பறம் சரிவுக்கு நேர போட்டிருந்த பாத்திய குறுக்கால திருப்புறேன், ஒரு நாளைக்கு ரெண்டு வரிசன்னு, முட்டிக்கு அவ்வளவு தான் முடியுது. இவ வந்து பாத்துட்டு, நல்லா வெளஞ்ச லீக்ஸ எதுக்குப் புடுங்குனீங்க, கிலோ என்னா வெல விக்கிதுன்னு தெரியுமான்னு ஒரு மூச்சு. மாட்டுக்குப் புல்லுன்னு சொன்னேன். நம்மகிட்ட மாடு இல்ல. அவ இன்னும் அதையே கேட்டுக்கிட்டு இருக்கா.

நேவி மாத்தயாகிட்ட சொல்லிறணும். அந்த அக்காகிட்டயும். எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு தான் தெரியல, அவளுக்கு மூணு பேரு காசக் குடுக்கலாம்னா வாங்க மாட்டா. நீயா இருந்தா என்னா செய்வ, யோசிச்சு எழுது, வொய்ஸ்ல வேணாம், இவ கேட்டுருவா.

நீ கேட்ட தேயிலத்தூள் ரெண்டு கிலோ எடுத்து வச்சிருக்கேன், எங்க மச்சினன் மகன் அடுத்த மாசம் மெட்ராஸ் வாறான், அவங்கிட்ட குடுத்துவிடுறேன். கோத்தகிரியில தேயிலைக்கு நடுவுல இருந்துக்கிட்டு நுவரெலியா தூளு கேக்குற ஆளு ஒலகத்துல நீ ஒருத்தன் தான்டா.