மேற்கு மேலே இருக்கும் வரைபடம்

எடின்பரோ

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து கோயில் வரைக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. பேத்திக்கு அவள் கேட்ட பாடமே கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் ஆசீர்வாதத்தைச் சொல்.

இங்கே நாங்கள் நலம். குளிர்தான் கொஞ்சம் ஆளை முடக்குகிறது. மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு நான் நடந்து சுற்றுவேன். அப்படி ஒருநாள் பழைய வரைபடங்கள் விற்கும் கடையில் பார்த்ததைத்தான் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். நீ பதிலுக்கு எழுதியிருந்தாய்: "வடக்கு மேலே இல்லை, தீவுகளின் வடிவம் கூகுள் மேப்போடு ஒத்துப்போகவில்லை, இதையா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாய்?" நீ கேட்டது நியாயமான கேள்வி. சர்வேயர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் படம். 1654இல் ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளாவ் அச்சிட்ட அட்லஸிலிருந்து பிரிந்து வந்த தாள். அந்த அட்லஸில் ஸ்காட்லாந்துக்கு மட்டும் 49 படங்கள். மேற்கை மேலே வைத்து வரைந்திருக்கிறார்கள். வலது கை ஓரம்தான் வடக்கு. லூயிஸ், ஹாரிஸ், யூயிஸ்ட், பேரா என்று வெளித்தீவுகள் மேல்வரிசையில் படுத்துக் கிடக்கின்றன. கீழே பெருநிலத்தின் கரை. நடுவில் ஸ்கை, ரம், மல், ஜூரா, ஐலா எல்லாம். வெளித்தீவுகள் நீளமான ஒற்றைச் சங்கிலி, வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அச்சகத் தாளோ அகலவாக்கில் உள்ளது. வடக்கை மேலே வைத்திருந்தால் பாதித் தாள் வெறும் கடலாகப் போயிருக்கும். ஒரு வயலின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தில் நீளமான வயலைத் தாளுக்கு ஏற்றாற்போல் திருப்பிப் போட்டு, வடக்குக்கு ஓர் அம்புக்குறி போடுவோமே, நீயும் நானும் எத்தனை போட்டிருப்போம்.

கடைக்காரர் நல்ல மனிதர். தாளை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். செம்புத் தகட்டை அழுத்தி அச்சிட்டதால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது, விரல் வைத்தால் தெரிகிறது. கரையோரம் முழுக்கக் கடல் பக்கமாகச் சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றும் உளியால் தனித்தனியாகச் செதுக்கியது. அந்தக் கரையில் நேர்கோடே கிடையாது. கடல் உள்ளே புகுந்து, வளைந்து, பிரிந்து, மறுபடி வெளியே வரும். செதுக்கியவர் ஒரு வளைவைக்கூடச் சோம்பல்பட்டு விட்டுவிடவில்லை. தாளைத் திருப்பினால் பின்பக்கம் லத்தீனில் விவரணம். எல்லையோரம் பச்சை தீட்டிய இடங்களில் மட்டும் பின்பக்கம் பழுப்பேறியிருக்கிறது. அந்தக் காலத்துப் பச்சை வண்ணத்தில் செம்பு இருந்ததால் காலப்போக்கில் அது காகிதத்தை அரிக்குமாம். நம் ரெக்கார்டு ரூமில் பழைய ரிஜிஸ்டர்களைத் தொட்டுப் பழகிய கை, தாளைக் கீழே வைக்க மனமில்லை.

வாங்கவில்லை. அந்த விலைக்கு நம் ஓய்வூதியம் தாங்காது. வீட்டுக்கு வந்து ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தைத் திறந்தேன். மொத்த அட்லஸையும் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எழுத்தெழுத்தாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். படத்தின் தலைப்பிலேயே ஒரு பெயர் இருக்கிறது: டிமதி பாண்ட். இந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்த்து விவரித்தவர் என்று லத்தீனில் போட்டிருக்கிறது. பாண்ட் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1583இல் பட்டம் பெற்றவர். அதன்பின் அந்த நூற்றாண்டு முடியும் வரைக்கும் ஸ்காட்லாந்து முழுவதும் அலைந்து வரைந்தார். கடைசியில் பெருநிலத்தின் வடக்கு முனையில், டன்னெட் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். 1614க்குள் இறந்துபோனார்.

அவர் கையால் வரைந்தவற்றில் 38 தாள்கள் பிழைத்திருக்கின்றன. அவற்றில் 77 படங்கள். ஒரே ஒரு படத்தில்தான் தேதி இருக்கிறது, 1596. மையால் வேகமாக வரைந்த படங்கள். நம் ஃபீல்டு புக் எப்படி இருக்கும், அடித்தல் திருத்தலோடு, ஓரத்தில் குறிப்போடு? அதேதான். டே ஏரியின் படத்தில் நல்ல சால்மன், ட்ரவுட், விலாங்கு, முத்து என்று எழுதி வைத்திருக்கிறார். வடமேற்கு மலைப்பகுதியில் ஓரிடத்தில் கொடும் வனாந்தரம் என்றும், ஓநாய்கள் மிகுதி என்றும் குறிப்பு. ஒரு காட்டைச் சொல்லும்போது இங்கே கருப்பு ஈக்கள் மனித ரத்தத்தை உறிஞ்சும் என்கிறார். படித்ததும் சிலிர்த்தது. அந்த ஈயிடம் கடி வாங்காமல் இதை யார் எழுதியிருக்க முடியும்?

அவரிடம் என்ன கருவி இருந்தது என்று யோசித்துப் பார். நீயும் நானும் சர்வே வேலையில் இழுத்த சங்கிலி, 66 அடி, 100 கண்ணி, அது எட்மண்ட் கன்ட்டர் 1620இல் கொண்டுவந்தது. பாண்ட் செத்துப்போனபிறகு. ஒரு கோட்டை மட்டும் அளந்து மற்ற தூரங்களைக் கோணங்களால் கணிக்கும் முக்கோண அளவை முறையை ஹாலந்தில் ஸ்நெல் என்பவர் பெரிய அளவில் செய்து காட்டியது 1615இல், அதுவும் இவருக்குப் பிறகு. கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கும் வழி வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு. அப்படி இருக்கும்போது, ஒரு தீவு கொஞ்சம் குண்டாகவும் இன்னொன்று கொஞ்சம் சாய்ந்தும் இருப்பதை வைத்து அவரை எடைபோடக் கூடாது.

வடிவத்தில் பார்க்காதே, பெயர்களில் பார். பிளாவின் அட்லஸில் லூயிஸும் ஹாரிஸும் சேர்ந்த தாள் ஒன்று, ஸ்கைக்கு ஒன்று, மல் தீவுக்கு ஒன்று, ஐலாவுக்கு ஒன்று என்று தனித்தனித் தாள்கள் உண்டு. அவற்றில் குட்டி வட்டம், பக்கத்தில் பெயர், மறுபடி வட்டம், மறுபடி பெயர். ஒவ்வொன்றும் நாலைந்து வீடுகள் இருந்த இடம். அங்கே பேசியது கேலிக் மொழி. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு சின்னக் குடியிருப்புகளின் பெயர்கள் தாளில் ஏறியிருக்க வழியே இல்லை. ராஜா வசூலுக்கு இவை வேண்டாம், கப்பலுக்கும் வேண்டாம். ஆனாலும் எழுதினார்.

இந்தப் படம் அச்சுக்கு வந்த கதையே தனி. பாண்ட் இறந்தபிறகு தாள்கள் வாரிசுகளிடம் கிடந்து பூச்சி அரித்துக்கொண்டிருந்தன. ஜேம்ஸ் பால்ஃபர் என்பவர் வாங்கினார். ஜான் ஸ்காட் என்ற அதிகாரி ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பிவைத்தார். பிளாவ் குடும்பம் பார்த்துவிட்டு, பல தாள்கள் முழுமையாக இல்லை, யாராவது சரிபார்த்துத் தரவேண்டும் என்றது. 1641இல் சார்லஸ் மன்னரே ராபர்ட் கார்டன் என்பவருக்குக் கடிதம் எழுதி அந்த வேலையை ஒப்படைத்தார். கார்டனுக்கு அப்போது வயது 61. அவரும் அவருடைய மகன் ஜேம்ஸும் உட்கார்ந்து, படிக்க முடியாத எழுத்தையெல்லாம் படித்து, மறுபடி வரைந்தார்கள். இடையில் உள்நாட்டுப் போர். அப்புறம் 1652இலிருந்து இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் கடற்போர். அது முடிந்த 1654இல்தான் அட்லஸ் வெளிவந்தது. நடந்து அலைந்தவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. முதலில் அச்சிட நினைத்த பெரியவர், யோவானின் அப்பா வில்லெம் பிளாவும் 1638இலேயே காலமாகிவிட்டார்.

இதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. பாண்ட் தன் கைப்படங்களில் மலைகளைப் பார்த்தபடியே வரைந்தார். இந்தச் சிகரம் இதுதான் என்று இன்றைக்கும் உள்ளூர்க்காரர்கள் அடையாளம் சொல்லும் அளவுக்கு முகட்டுக் கோட்டைப் பிடித்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் தகட்டில் செதுக்கியவர்களோ அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மேடாக்கி, ஒரு பக்கம் நிழல் போட்டுவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மலையின் முகம் போய்விட்டது. ஃபீல்டுக்குப் போகாத டிராஃப்ட்ஸ்மேனிடம் நம் ஸ்கெட்ச் போனால் என்ன ஆகும் என்று நீ புலம்புவாயே, அதே புலம்பல்தான்.

நீ கேட்கும் துல்லியமும் அந்தக் கரைக்கு வந்தது, நூறு வருஷம் கழித்து. ஆர்க்னி தீவுக்காரர் மர்டாக் மெக்கன்சி, உறைந்துபோன ஏரியின் பனிமேல் கணக்குக்கு அடிப்படையான கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டி, 1750இல் ஆர்க்னி தீவுகளின் படங்களை வெளியிட்டார். பிறகு கடற்படைக்காக இந்த மேற்குக் கரையையும் அளந்தார். அருமையான வேலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கே பாறை, எங்கே எத்தனை ஆழம், எங்கே நங்கூரம் போடலாம் என்று பார்த்து எத்தனையோ கப்பல்கள் பிழைத்திருக்கும். ஆனால் அவர் கவனமெல்லாம் மாலுமியின் பக்கம். கரையேறி நாலு வீட்டின் பெயரைக் கேட்பது அவருக்கு இட்ட வேலை இல்லை. அதே காலத்தில் ராணுவம் ஸ்காட்லாந்தின் பெருநிலத்தை முழுக்க அளந்தது, தீவுகளைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணை வைப்பதற்காகக் குடியானவர்களை ஊர் ஊராகக் காலி செய்தார்கள். ரம் தீவிலிருந்து மட்டும் 1826இல் சுமார் 300 பேரைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த மண். இரண்டே வருஷத்தில் மீதி இருந்தவர்களும் போய்விட்டார்கள். பாண்ட் வட்டம் போட்டுப் பெயர் எழுதிய எத்தனையோ இடங்கள் இப்படித்தான் காலியாயின. இன்று போனால் கூரையில்லாத கல்சுவர்கள் நிற்கின்றன, சில இடங்களில் அதுவும் இல்லை. அங்கே ஊர் இருந்தது என்பதற்கு இந்தப் படம் சாட்சி. துல்லியமான படத்தில் இந்தச் சாட்சியம் இல்லை, சிதம்பரம். அதனால்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்று ஒரு துறைமுக ஊர். 1754இல் அங்கே பிறந்தவர்தான் நம் காலின் மெக்கன்சி. (மர்டாக் வேறு, இவர் வேறு.) சென்னை ராணுவத்தில் பொறியாளராகச் சேர்ந்து, மைசூரை அளந்து, 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனாரே, அவரேதான். அளக்கப் போன இடத்திலெல்லாம் தன் உதவியாளர்களான காவலி சகோதரர்களையும் மற்றப் பண்டிதர்களையும் வைத்துக்கொண்டு சுவடி, கல்வெட்டு, ஊர் வரலாறு என்று சேர்த்தார். அதில் ஒரு பெரிய பங்கு சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. எல்லைக்கல்லோடு நின்றுவிடாமல் ஊர்க்கதையையும் கேட்ட சர்வேயர் இந்தத் தீவிலிருந்து நம்மிடம் வந்தார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்குமேல் ஒன்றும் இட்டுக்கட்டிச் சொல்லப் போவதில்லை.

கோடை வந்ததும் ஸ்டோர்னவேக்குக் கூட்டிப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். அல்லாபூல் என்ற ஊரிலிருந்து மிஞ்ச் நீரிணையைத் தாண்டிக் கப்பல் போகிறது. அந்தத் தீவின் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழையது, ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று. பனிப்பாறைகள் செதுக்கிவிட்டுப் போன பள்ளங்களில் கடல் ஏறித்தான் கரை இப்படிக் கிழிந்து கிழிந்து கிடக்கிறது. பிளாவின் லூயிஸ் தாளைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். கையில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்து எத்தனை பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஆசை. உனக்கும் ஒரு பிரதி இந்தக் கடிதத்தோடு வருகிறது, பெரிய உறைக்குள் மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சர்வே காலத்தில் நீ தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தாய். கண்மாய், மடை, களத்துமேடு, ஒத்தைப்பனை, எந்தக் கணக்கிலும் ஏறாத பெயரையெல்லாம் தலையாரிகளைக் கேட்டுக் கேட்டு எழுதுவாய். எஃப்.எம்.பி. என்கிற புலப்படமெல்லாம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது, அதைப்பற்றிக் கவலை இல்லை. இந்த நோட்டு உன் ஒருத்தனிடம்தான் இருக்கிறது. பரணில் கிடந்தால் இறக்கு. பேத்திக்குக் கல்லூரி திறக்கும்வரை நேரம் இருக்குமே, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். டைப் செய்கிற வேலையை நான் இங்கே உட்கார்ந்து முடித்துத் தருகிறேன். எழுத்து புரியாத இடத்தில் உனக்குப் போன் போடுவேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி