டிரெய்லரில் ஸ்டெப்னி வைத்திருக்கும் இடம் ஆபத்தானது: மாற்றித் தரக் கோரி புகார்

அனுப்புநர்
டிரெய்லர் உரிமையாளர்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கேரவன் டிரெய்லர் தயாரிப்பு நிறுவனம்.

ஐயா,

உங்களிடம் நான் வாங்கிய, காரின் பின்னால் மாட்டி இழுக்கும் ஒற்றை ஆக்ஸில் டிரெய்லரில், ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில், ஆக்ஸிலுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டில் படுக்க வைத்து போல்ட் போட்டிருக்கிறீர்கள். ஷோரூமின் சமதளத் தரையில், இரண்டு டயரிலும் காற்று இருக்கும்போது உங்கள் ஆள் அதைக் கழற்றிக் காட்டினார். சுலபமாகத்தான் வந்தது. ஆனால் ஸ்டெப்னி தேவைப்படுவதே டயரில் காற்று இல்லாத நேரத்தில்தான். அந்த நேரத்தில் அது வெளியே வருவதில்லை. இதுதான் என் புகார்.

போன மாதம் குடும்பத்துடன் வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தோம். டம்டம் பாறை தாண்டி, ஊத்து என்ற ஊர் வருவதற்கு முன்பு, தார் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கல் டிரெய்லரின் இடதுபக்க டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. காற்று மொத்தமும் இறங்கி வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஸ்டெப்னித் தட்டின் போல்ட்டைக் கழற்றினால் தட்டு கீழே இறங்கி, பிறகு டயர் வெளியே வர வேண்டும். சாய்ந்த வண்டிக்குக் கீழே தட்டு இறங்குவதற்கே இடமில்லை. சரி, ஜாக்கி போட்டுத் தூக்கலாம் என்றால், தூக்கிய பிறகு டயரை இழுக்க ஒரு ஆள் அடியில் படுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஏற்றத்தில், ஒற்றை ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்குக் கீழே தலையைக் கொடுக்காதே என்பது லாரியில் கிளீனராகச் சேர்கிற பையனுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடம். அந்தப் பாடத்தை மீறாமல் உங்கள் டிரெய்லரில் டயர் மாற்ற முடியாது.

மதுரைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லாரி டிரைவர்தான் நிறுத்தி உதவினார். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி, தன்னுடைய பாட்டில் ஜாக்கியையும் போட்ட பிறகே தட்டை அவிழ்க்க விட்டார். “இதை யாருங்க இங்க கொண்டுபோய் வெச்சது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை வளைவில் டார்ச்சைக் காட்டிக்கொண்டு என் மனைவி நின்றார். மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மாலை அது. அந்த ரோட்டில் இடைவெளி விடாமல் பஸ்களும் டூரிஸ்ட் வேன்களும் வரும்.

ஒரு வழியாக வெளியே எடுத்த ஸ்டெப்னியிலும் காற்று பாதிதான் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. வால்வு மேல்நோக்கி, வண்டியின் தரைப்பலகையை ஒட்டி இருக்கிறது. காற்றை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கக் கை நுழையாது. சக்கரங்கள் வாரியடிக்கிற சேறும் தண்ணீரும் நேராக அந்தத் தட்டில்தான் போய்ச் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் வண்டி ஓட்டினால் அந்த போல்ட் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? டயரின் பக்கச்சுவரில் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் நான்கு இலக்கத்தில் பொறித்திருப்பார்கள். ஓடாத டயரும் வயதாகி வெடிப்பு விடும் என்பதால் அதை அவ்வப்போது பார்க்க வேண்டும். அதையும் பார்க்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

தொலைபேசியில் உங்கள் சேவைப் பிரிவில் இரண்டு விஷயம் சொன்னார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது, 2020இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி ஸ்டெப்னியே கட்டாயமில்லை, பஞ்சர் கிட் போதும் என்பது. அந்தத் தளர்வு 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களுக்கானது. அதிலும் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் கிட் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் டிரெய்லரில் அந்தக் கருவி இல்லை. அது போகட்டும். ஆணி குத்தினால் பசை ஊற்றி அடைக்கலாம். பக்கவாட்டில் கிழிந்த டயரை எந்தக் கிட்டும் காப்பாற்றாது. மலைப்பாதையில் கல் கிழிப்பது பெரும்பாலும் பக்கவாட்டைத்தான்.

இரண்டாவது, பின்கதவுக்கு அருகில் ஒரு பிராக்கெட் அடித்து ஸ்டெப்னியை அங்கே தொங்கவிடலாம் என்ற யோசனை. இது முன்னதைவிட ஆபத்து. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் முன்னால் காரோடு மாட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ரிம்மோடு சேர்ந்த டயரைக் கடைசிக் கோடியில் தொங்கவிட்டால் கொக்கியின் மேல் இருக்கும் பாரம் குறையும், இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பெருமாள்மலையிலிருந்து கீழே இறங்கும்போது அது காரையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஸ்டெப்னிக்குச் சரியான இடம் முன்பக்க இழுவைச் சட்டம்தான். அங்கே நின்றவாக்கில் வைத்து, பூட்டுப் போட்டு, மேலே ஒரு உறை போட்டால் போதும். டயர் எந்தப் பக்கம் இறங்கியிருந்தாலும், வண்டி எப்படிச் சாய்ந்திருந்தாலும் நின்றபடியே கழற்றலாம். வால்வும் கைக்கு எட்டும். கொக்கியில் கூடும் எடையைக் கணக்குப் போட்டு, அந்தச் சட்டத்துக்கு வேண்டிய பலத்தைக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறியாளர்களின் வேலை. உள்ளூர் பட்டறையில் நான் வெல்டிங் அடித்துக்கொள்ளும் காரியமில்லை இது.

ஆகவே, என் டிரெய்லரில் இந்த மாற்றத்தை உங்கள் செலவில் செய்து தர வேண்டும். டிரெய்லரின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், அதன் எடையைத் தாங்கும் ஜாக்கி, சக்கரத்துக்குக் கொடுக்கும் ஆப்புகள் எதுவும் வண்டியோடு வரவில்லை. அவற்றையும் தர வேண்டும். சேசிஸில் எந்த இடத்தில் ஜாக்கி வைக்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. மூலையில் உள்ள முட்டுக்கால்கள் வண்டி ஆடாமல் நிற்கத்தான், தூக்குவதற்கு அல்ல என்பதும் இல்லை. அந்தப் பக்கத்தைச் சேர்த்து அச்சிட்டு, இதே மாடலை வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 84ஆம் பிரிவில் வடிவமைப்புக் குறையையும், போதிய வழிகாட்டல் தராததையும் தயாரிப்பாளரின் பொறுப்பில் சேர்த்திருக்கிறது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கவும் அது இடம் தருகிறது. 15 நாட்களுக்குள் உங்களிடமிருந்து எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அப்புறம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகாரைப் பதிவு செய்வேன். டயர் கிடந்த நிலையையும் தட்டையும் எடுத்த படங்கள், ரசீதின் நகல் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
டிரெய்லர் உரிமையாளர்