வாள் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் இதழில் வாளோங்கிய குதிரை வீரரின் படம் பார்த்து இதை எழுதுகிறோம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கிய கையோடு, வாளும் கையுமாக ஏறிவிடும் ஆர்வம் எங்கள் பக்க இளைஞர்களிடம் பெருகி வருகிறது. ஆர்வம் நல்லதுதான். 1982 டெல்லி ஆசியப் போட்டியில், குதிரைப் பாய்ச்சலில் போய், தரையில் அடித்த முளையைக் குத்தி எடுக்கும் பந்தயத்திலும் இந்தியா தங்கம் வாங்கியது. ஆனால் குதிரை பழகுவதற்கு முன் வாள் வருவதுதான் இங்கே கெடுதல்.

சந்தையில் கூட்டம் சேருவது நாட்டியக் குதிரையைச் சுற்றி. கடிவாளத்தை இறுக்கி, தலையைத் தூக்கி நிறுத்திப் பழக்கியது அது. ஓடியபடியே இலக்கை வெட்டும், முளையைக் குத்தும் வாள் பந்தயத்துக்கு வேண்டியதோ தலையைத் தளர விட்டு நேர்கோட்டில் ஓடும் குதிரை. வாங்கும்போது உதட்டை விலக்கி, கடிவாள இரும்பு உட்காரும் ஈறை விரலால் தடவிப் பாருங்கள். தழும்பு தட்டினால் விட்டுவிடுங்கள். முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்து ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும்.

முதல் வேலை, இடக்கை ஒன்றால் கடிவாள வாரைப் பிடித்தே குதிரையைத் திருப்பவும் நிறுத்தவும் பழக்குவது. இது நடையிலும் ஓட்டத்திலும் படிந்த பிறகு, வாள் நீளத்துக்கு ஒரு மூங்கில் குச்சி. அதை மோந்து பார்க்க விட்டு, கழுத்திலிருந்து பின்புறம் வரை இரு பக்கமும் தடவிக் கொடுங்கள். அப்புறம் பக்கத்தில் நின்று வீசுங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து, குதிரை நின்ற இடத்திலேயே, பிறகு நடையில். உறையிலிருந்து வாள் உருவும் கரகரச் சத்தத்தைக் கொள்ளு வைக்கும் நேரத்தில் தினமும் கேட்க விட்டால் மிரட்சி போய்விடும்.

குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு. ஓங்கிய வாள் வலக்கண் ஓரத்தில் தெரிந்ததும் இடப்பக்கம் விலகும், இலக்கு எட்டாமல் போகும். இதற்கு ஆளின் வீச்சைக் குறை சொல்வதும் குதிரைமேல் சாட்டை எடுப்பதும் வீண். இன்னொன்று, இலக்கைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் வெட்டாதீர்கள். நான்கு முறை சும்மா கடந்து, ஐந்தாம் முறை வெட்டினால் போதும். இல்லாவிட்டால் இலக்கைக் கண்டதும் பிய்த்துக்கொண்டு ஓடும்.

ஆள் சாயும்போது வார் பிடித்த இடக்கையும் கூடவே உயர்ந்து குதிரையின் வாயை இழுக்கிறது. மரக்கட்டைமேல் சேணம் போட்டு இதைத் திருத்திக்கொள்ளலாம். பாய்ச்சலில் விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் போகிறோம்; வெட்டுவது குதிரையின் வேகம், தோள் அல்ல. முளையில் வாள் முனை பட்டதும் கை பின்னால் போய் மேலே எழ விடுங்கள். விறைத்துப் பிடித்தால் அதிர்ச்சி முழுவதும் தோள்மூட்டில் இறங்கும். குதிரையின் கழுத்தைத் தாண்டி இடப்பக்கம் வெட்டுவது புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம், அதன் காதுதான் போகும். பழகும் வாள் மொன்னையாகவே இருக்கட்டும். கயிற்றில் தொங்கும் எலுமிச்சை காற்றில் ஆடும், தொடக்கத்துக்கு ஆகாது. மூங்கிலில் செருகிய வாழைத்தண்டே போதும்.

சேணம் பூட்டிப் பத்து நிமிடம் நடத்திவிட்டு, அதன் வயிற்று வாரை மறுபடி இறுக்க வேண்டும். குதிரை முதலில் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும், பிறகு தளரும். சாய்ந்த நேரத்தில் சேணம் உருண்டால் ஆள் குளம்படியில்.

ரேக்ளா ஓடும் தார்ச்சாலையில் இதைப் பழகாதீர்கள். நம் செம்மண்ணில் சுக்கான்கல் அதிகம். நான்கு விரல் ஆழம் உழுது, கல் பொறுக்கிய ஓடுதளமே கால்களுக்குப் பாதுகாப்பு.

அடுத்த முறை வாளோங்கிய வீரரின் படம் வெளியிடும்போது, குதிரையின் வாயும் முன்னங்கால்களும் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படமும் போடுங்கள்.

காங்கேயம் வட்டாரக் குதிரையேற்றப் பயிற்சியாளர்கள் சிலர்